பரிசுப் புத்தகத்தில் அடித்த காற்று

சொர்ணம்மாள் டீச்சரின் மூன்றாம் வகுப்பையும் ஜேனட் டீச்சரின் இரண்டாம் வகுப்பையும் பிரித்தது ஒரு மூங்கில் தட்டி மட்டும்தான். அதுவும் ஆளுயரம். அதற்கு மேலே ஓட்டுக் கூரைவரை வெறும் வெளி. இந்தப் பக்கம் வாய்ப்பாடு சொன்னால் அந்தப் பக்கத்துப் பிள்ளைகளும் வாயசைக்கும். அந்தப் பக்கம் ஒருத்தன் அடிவாங்கி அழுதால் இந்தப் பக்கம் முப்பது முதுகுகள் நிமிரும். இருபத்தாறு வருட சர்வீஸில் இந்தச் சத்தங்களெல்லாம் சொர்ணம்மாளுக்குப் பழகிப்போயிருந்தன. சத்தமே இல்லாமல் இருப்பதுதான் பழகவில்லை.

ஜேனட் ஜூன் மாதம் வேலையில் சேர்ந்தாள். ஜூலையிலிருந்தே வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் தட்டிக்கு அப்பால் திடீரென்று ஓசை அடங்கிவிடும். பாறசாலையிலிருந்து காரோடு ஊர் வழியாகக் கடற்கரைக்குப் போகிற பஸ் கடைசியாக நின்று திரும்பும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் இருந்தது அந்தப் பள்ளிக்கூடம். பிள்ளைகளில் பாதி கடற்கரையிலிருந்து நடந்து வருகிறவர்கள். மீதிப் பாதி, மரச்சீனிக் கிழங்கும் வாழையும் பயிரிட்ட வீடுகளிலிருந்து வருகிறவர்கள். இரண்டு கூட்டத்தையும் ஒன்றாக வாய்மூட வைக்கச் சொர்ணம்மாளே மேசையை இரண்டு தரம் பிரம்பால் தட்ட வேண்டியிருக்கும். நேற்று வந்த பெண் தட்டாமல் கொள்ளாமல் இதை எப்படிச் செய்கிறாள்?

மூன்றாவது வெள்ளிக்கிழமை பொறுக்க முடியாமல் தட்டியின் கிழிசல் வழியாக எட்டிப் பார்த்தாள்.

பெஞ்சுகள் சுவரோரம் தள்ளியிருந்தன. இருபத்தெட்டுப் பிள்ளைகளும் தரையில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். ஜேனட் ஒரு முக்காலியில் இருந்துகொண்டு, அகலமான ஒரு புத்தகத்தைத் தோளோரம் பிள்ளைகளுக்குத் தெரியும்படி விரித்துப் பிடித்திருந்தாள். வாசிக்கவில்லை, பேசவில்லை. அவளுடைய கண் புத்தகத்திலும் இல்லை. பிள்ளைகளின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகளின் கண்கள் படத்தின் மேல் ஊர்ந்துகொண்டிருந்தன. பின்னால் இருந்தவர்கள் முழங்காலில் எழும்பிப் பார்த்தார்கள். ஒரு நிமிஷம் ஆனது, இரண்டு நிமிஷம் ஆனது. பிறகுதான் அவள் மெதுவாகக் கேட்டாள்.

"என்ன காணுதிய மக்களே?"

அத்தனை கைகளும் ஒரே நேரத்தில் எழும்பின.

அன்றைக்குச் சாயங்காலமே சொர்ணம்மாள் தலைமையாசிரியர் நேசமணி சாரின் அறைக்குப் போனாள். நேசமணி சாருக்கு ஓய்வுபெற மூன்று வருடம் இருந்தது. அதுவரை எந்த அதிகாரியும் இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்காமல் இருந்தால் போதும் என்பது அவருடைய பிரார்த்தனை.

"சாரே, பெஞ்சையெல்லாம் ஒதுக்கிப் போட்டுட்டு அந்தப் பிள்ள படம் காட்டிட்டு இருக்கு. பாடம் எப்பம் நடத்தும்?"

"பாடம் நடத்தத்தான் செய்யுது டீச்சர், நான் நோக்கினேன். இது வெள்ளிக்கிழமை மட்டுமாக்கும். அந்தப் புத்தகங்களுக்கெல்லாம் பெரிய பரிசு கிட்டியிருக்காம்."

"பரிசு கிட்டினது புத்தகத்துக்குத்தானே சாரே? பிள்ளைகளுக்கு இல்லியே."

நேசமணி சார் சிரித்தார். ஆனால் ஒன்றும் செய்யவில்லை.

ஜேனட்டின் மேல் சொர்ணம்மாளுக்கு வெறுப்பு ஒன்றும் கிடையாது. மரியாதையான பெண்தான். அப்பா கட்டுமரக்காரர். அம்மா தலைச்சுமையாகப் பாறசாலைச் சந்தைக்கு மீன் கொண்டுவந்து விற்றுப் படிக்க வைத்தவள். சொர்ணம்மாளின் வீட்டில் மீன் வாங்குவதில்லை, சைவம். அதனால் அந்த அம்மாவை அவள் பார்த்ததில்லை. தன் அப்பா திருவிதாங்கூர் காலத்திலேயே அரசுக் கச்சேரியில் குமாஸ்தாவாக இருந்தவர், தனக்குப் புத்தகம் என்பது பரம்பரையாக வந்த விஷயம் என்று ஒரு நினைப்பு மட்டும் சொர்ணம்மாளின் உள்ளே எங்கோ இருந்தது. அதை அவள் ஒருநாளும் வெளியே சொன்னதில்லை.

புத்தகங்கள் மொத்தம் ஐந்து. திருவனந்தபுரத்தில் நடந்த புத்தகக் கண்காட்சியில், முதல் சம்பளத்தில் ஜேனட் வாங்கியவை. இரண்டு தமிழ், ஒன்று மலையாளம், இரண்டு ஆங்கிலம். எல்லாவற்றின் அட்டையிலும் தங்க நிறத்தில் வட்டமாக ஒரு முத்திரை உண்டு. ஒருநாள் அந்த முத்திரையைப் பற்றிய பேச்சு தட்டியைத் தாண்டி வந்து சொர்ணம்மாளின் காதில் விழுந்தது.

"டீச்சர், இது பைசாவா?" என்று ஒரு பிள்ளை கேட்டது.

"இல்ல மக்கா. இந்த வருஷம் வந்த படப்புத்தகத்தில இது நல்ல புத்தகம்னு சொல்லிப் பரிசு குடுத்தா, இந்த முத்திரைய ஒட்டுவாங்க."

"ஆரு குடுப்பா?"

"பெரியவங்க அஞ்சாறு பேரு இருந்து தீர்மானிப்பாங்க."

"அதில பிள்ளைங்க உண்டா?"

ஜேனட் கொஞ்சம் யோசித்தது போலிருந்தது. "இல்ல," என்றாள். "பிள்ளைகளுக்கான புத்தகம், பிள்ளைங்க ஒருத்தரும் இல்ல. நீ கேட்டது ஞாயமான கேள்வி. அப்ப நம்ம கிளாஸும் ஒரு பரிசு குடுப்போம். அஞ்சு புத்தகத்தையும் பாத்து முடிச்சிட்டு ஓட்டுப் போடுவோம். ஆனா பிடிச்சிருக்குன்னு மட்டும் சொன்னாப் போராது. ஏன் பிடிச்சிருக்கு, எந்தப் பக்கத்தில, அதையும் சொல்லணும்."

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகளில் ஒரே தர்க்கம். யானையை ஏன் பக்கத்தின் ஓரத்தில் பாதி மட்டும் வரைந்திருக்கிறார்கள்? மழைப் பக்கத்தில் ஏன் எழுத்தே இல்லை? ஏழு வயதுப் பிள்ளைகள் வக்கீல்களைப் போலப் பேசினார்கள். சொர்ணம்மாளின் மூன்றாம் வகுப்புக் கணக்குச் செய்துகொண்டே காதைத் தட்டியில் வைத்திருந்தது. தானும் அப்படித்தான் இருக்கிறோம் என்பது அவளுக்கே தெரிந்திருந்தது.

ஜனவரி மாதம் ஐந்தாவது புத்தகத்தின் முறை வந்தது. பெயர் 'அப்பா வரும் கடல்'. ஒரு சின்னப் பெண் கரையில் நின்று அப்பாவின் படகுக்காகக் காத்திருக்கிறாள். பக்கத்துக்குப் பக்கம் ஒவ்வொரு படகாக வருகிறது. எதிலும் அப்பா இல்லை. கடைசிக்கு முந்தின பக்கம் இரண்டு தாளுக்கும் விரிந்த முழுக்கடல். அதில் உளுந்து மணி போல ஒரே ஒரு படகு, ஓரத்தில் அந்தப் பெண்ணின் முதுகு.

ஜேனட் நண்பகல் காட்சியுள்ள பக்கத்தைக் காட்டிக்கொண்டிருந்தாள். வழக்கமான அந்த அமைதி. அப்போது அமைதியைக் கிழித்துக்கொண்டு ஒரு குரல் வந்தது. ஆனால் அது வந்தது தட்டிக்கு இந்தப் பக்கத்திலிருந்து.

"டீச்சரே, காத்து தப்பாக்கும்!"

ஜினு. மூன்றாம் வகுப்பில் வாய் ஓயாத பெண். கேட்ட கேள்விக்குப் பதிலும் கேட்காத கேள்விக்குப் பதிலும் சொல்லிவிட்டு வாரத்துக்கு நாலு நாள் மூலையில் நிற்கிறவள். கணக்கு நோட்டைப் பெஞ்சில் போட்டுவிட்டு, கிழிசலில் கண்ணை ஒட்ட வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். சொர்ணம்மாளுக்கு முகமெல்லாம் சூடேறியது. பிரம்பை எடுத்தாள்.

அதற்குள் ஜேனட் தட்டியைச் சுற்றிக்கொண்டு வந்துவிட்டாள். கையில் புத்தகம்.

"டீச்சர், தப்பா நினைக்காதீங்க. இவள எனக்கு அஞ்சு நிமிஷம் தருவீங்களா? என்ன சொன்னான்னு எனக்கு விளங்கல்ல. கேக்கணும்."

அப்படி ஒருத்தி வந்து நிற்கும்போது அடிக்கவா முடியும்? "கொண்டு போ," என்றாள் சொர்ணம்மாள். போகவிட்டுச் சும்மா இருக்கவும் முடியவில்லை. வகுப்பை அப்படியே விட்டுவிட்டுப் பின்னாலேயே போனாள். அவள் பின்னால் மீதிப் பிள்ளைகளும் போனார்கள்.

ஜினு படத்தின் மேல் விரலை வைத்தாள். "இஞ்ச பாருங்க டீச்சர். படகுக்க பாய் கரைப் பக்கமா வீங்கியிருக்கு. அப்பம் காத்து கடல்லேருந்து கரைக்கு அடிக்குது. இந்த வீட்டுப் புகை எங்கோட்டு போவுது? கடலுக்கு. கொடியில காயப் போட்ட சேலையும் கடலுக்குத்தான் பறக்குது. ஒரே நேரத்தில காத்து ரெண்டு பக்கமா அடிக்குமா?"

கடற்கரைப் பிள்ளைகள் எல்லாரும் ஒன்றாகக் கத்தினார்கள். "ஓ, செரியாக்கும்! செரியாக்கும்!"

சொர்ணம்மாள் குனிந்து பார்த்தாள். சிவப்புச் சேலை அழகாகப் பறந்துகொண்டிருந்தது. புகையும் அழகுதான். இரண்டும் தப்பான திசையில் போய்க்கொண்டிருந்தன.

ஜேனட் புத்தகத்தைத் திருப்பித் தன் பக்கமாக வைத்து நெடுநேரம் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, ஐம்பத்தெட்டுப் பிள்ளைகளுக்கும் சொர்ணம்மாளுக்கும் கேட்கும்படியாகச் சொன்னாள்.

"நான் கடப்புறத்தில பிறந்தவ. எனக்க அப்பா கடலுக்குப் போறவரு. இந்தப் பக்கத்த வீட்டில இருந்து இருபது தடவையாவது பாத்திருப்பேன். எனக்கு இது தெரியல்ல. ஜினு கண்டுபிடிச்சா."

அந்தச் சொல் சொர்ணம்மாளைப் பிடித்து நிறுத்தியது. 'எனக்குத் தெரியல்ல.' இருபத்தாறு வருடத்தில் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, தான் ஒரு வகுப்பின் முன்னால் அப்படிச் சொன்னதுண்டா? தெரியாததைக் கேட்ட பிள்ளையை உட்காரச் சொன்னதுண்டு, மூலையில் நிறுத்தியதுண்டு. இந்தப் பெண் அதைச் சொல்லிவிட்டு, தன் பொருள் தொலைந்து திரும்பக் கிடைத்தது போலச் சந்தோஷமாக நின்றுகொண்டிருந்தாள்.

அதோடு முடியவில்லை. பிபின் என்கிற பையன், சூரியன் கடலிலிருந்து எழும்புகிற மாதிரி வரைந்திருப்பதும் தப்பு என்றான். கடலில் சூரியன் விழும், எழும்பாது. வாழைத்தோட்டத்து வீட்டுச் சுனில்குமார், அந்தப் பெரிய கடல் பக்கத்தில் படகு இத்தனை சின்னதாக இருப்பது தப்பு என்றான். "இதில ஒரு ஆளுக்க கால் கூடக் கொள்ளாதே!"

ஜேனட் எல்லாவற்றையும் போர்டில் எழுதினாள். எது சரி, எது தப்பு என்று அவள் சொல்லவில்லை. "காத்து விஷயத்த நாம ஒரு வாரம் பாப்போம். பாக்காம ஒருத்தருக்கத் தப்பச் சொல்லக்கூடாது. காலம்ப ஏழு மணிக்கு, பத்து மணிக்கு, உச்சைக்கு, நாலு மணிக்கு. வீட்டுப் புகை எங்கோட்டு போவுதுன்னு எழுதிட்டு வாங்க."

அந்த வாரம் காரோட்டுப் பக்கத்தில் அடுப்பு மூட்டின வீடெல்லாம் பிள்ளைகளின் கண்காணிப்பில் இருந்தது. பள்ளிக்கூடத்தில் கஞ்சி வைக்கிற சரசம்மா, விறகை அடுப்பில் வைக்குமுன் பத்துப் பேர் வந்து சுற்றி நிற்கிறார்கள் என்று புகார் சொன்னாள். சொர்ணம்மாள் தன் வீட்டில், காலையில் குளித்துவிட்டு நெற்றியில் திருநீறு பூசினவள், விளக்கேற்றப் போகாமல் முற்றத்தில் நின்று சமையலறைப் புகையை அண்ணாந்து பார்த்தாள். புகை தெற்கும் மேற்குமாகக் கடல் திசைக்குச் சாய்ந்தது. பள்ளிக்கூடத்தில் பதினொரு மணிக்குச் சரசம்மாவின் புகை நேர் எதிராக, உள்நாட்டுப் பக்கம் திரும்பியது. ஐம்பத்திரண்டு வயதுவரை அவள் இதைக் கவனித்ததே இல்லை. ஜினுவுக்கு இதெல்லாம் பாலோடு வந்த அறிவு. "வெளுக்குமுன்ன கரைக்காத்து டீச்சர், அதில பாய் விரிச்சுப் போவாங்க. வெயிலு ஏறினா கடக்காத்து, அதில திரும்பி வருவாங்க. இல்லைன்னா எப்படி வீடு சேருது?" இதைச் சொல்லத் தெரிந்த பிள்ளையைத்தான் ஏழாம் வாய்ப்பாடு தெரியாத மண்டு என்று அவள் முடிவு கட்டியிருந்தாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை இரண்டு வகுப்பும் சேர்ந்து ஓட்டெடுப்பு. தப்புள்ள புத்தகத்துக்குப் பரிசு கொடுக்கலாமா என்று பெரிய சண்டை. சொர்ணம்மாளையும் கேட்டார்கள். "ஒரு கணக்கில தப்பு இருந்தா நான் மார்க்குப் போடுவேனா? கிடையாது," என்றாள் அவள். பாதிப் பிள்ளைகள் தலையாட்டினார்கள்.

ஜினு எழுந்து நின்றாள். தப்பைக் கண்டுபிடித்தவள் அவள்தான். அதனால் எல்லாரும் அவளைப் பார்த்தார்கள்.

"தப்பு உண்டு. ஆனா அந்தப் பிள்ள ஒரு காலத் தூக்கி மத்தக் காலில சொறிஞ்சிட்டு நிக்குது பாருங்க, அதப் பாத்தா எனக்கு அழுகை வருது. நானும் அப்படித்தான் நிப்பேன். எனக்க ஓட்டு இதுக்காக்கும்."

நாற்பத்தொரு ஓட்டில் 'அப்பா வரும் கடல்' ஜெயித்தது. நாற்பத்தொன்றில் ஒன்று சொர்ணம்மாளுடையது. கையைத் தூக்கின பிறகுதான் தூக்கியது அவளுக்கே தெரிந்தது.

படம் வரைந்தவருக்குக் கடிதம் எழுதலாம் என்றாள் ஜேனட். புத்தகத்தின் பின்னால் பதிப்பகத்தின் முகவரி இருந்தது. கடிதம் எழுதுவது மூன்றாம் வகுப்புப் பாடத்தில் உள்ளது. வருடா வருடம் இல்லாத ஒரு மாமாவுக்கு, நடக்காத ஒரு கல்யாணத்துக்கு வரச்சொல்லிப் பிள்ளைகள் எழுதுவார்கள். சொர்ணம்மாள் முற்றுப்புள்ளியைத் திருத்துவாள். இந்தத் தடவை, தபால்காரர் உண்மையாகவே கொண்டுபோகிற கடிதம். அனுப்புநர் முகவரியை எங்கே எழுதுவது என்று இதுவரை காதில் வாங்காத பிள்ளைகளெல்லாம் இப்போது அவளைச் சூழ்ந்துகொண்டு கேட்டார்கள். மூன்று நாள் பாடம். கடைசியில் ஜினுவின் கையெழுத்தில் இப்படி வந்தது:

"படம் வரைந்த வசுதா அம்மாவுக்கு, உங்கள் புத்தகத்துக்கு எங்கள் பரிசு கிடைத்திருக்கிறது. எங்கள் பரிசில் பிள்ளைகள் மட்டும்தான் ஓட்டுப் போடலாம், ஒரு டீச்சரும் போட்டார். பதினோராம் பக்கத்தில் காற்று தப்பு. நாங்கள் ஒரு வாரம் பார்த்தோம். நான்காம் பக்கத்தில் சூரியனும் தப்பு என்று பிபின் சொல்கிறான். கடைசிக்கு முந்தின பக்கத்தில் படகு மிகவும் சிறிது. இதில் எங்களுக்குள் சண்டை. அந்தப் பெண் காலைச் சொறிவது நன்றாக இருக்கிறது."

வசுதா பர்வே என்கிற அந்த ஓவியருக்குத் தமிழ் தெரியாது. ஆகவே கடிதத்தை ஆங்கிலத்தில் பெயர்த்துத் தரும் பொறுப்பு நேசமணி சாருக்குப் போனது. அவருடைய ஆங்கிலம் அந்த வட்டாரத்தில் பேர்போனது. ஒரு நாள் முழுக்க எழுதி, தட்டச்சும் செய்து வைத்திருந்தார். தபாலில் சேர்க்குமுன் சொர்ணம்மாள் அதை வாங்கிப் பார்த்தாள். அவளுக்கு ஆங்கிலம் ஓரளவுதான். ஆனால் காற்று என்பதற்கு ஆங்கிலத்தில் என்ன எழுத்துக்கள் என்று தெரியும். மேலிருந்து கீழ்வரை இரண்டு தரம் தேடினாள்.

"சாரே, காத்து எங்க?"

நேசமணி சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "டீச்சர், அவங்க வலிய ஆளு. பரிசு வாங்கினவங்க. படம் ரொம்ப நல்லாயிருக்கு, பிள்ளைங்க சந்தோசப்பட்டாங்கன்னு எழுதினேன். தப்பு உண்டும்னு எழுதி, அவங்க மேலிடத்தில ஆருக்காவது எழுதி, நாளைக்கு ஒரு இன்ஸ்பெக்ஷன் வந்தா? பரிசு குடுத்தவனுக்குத் தெரியாததா நமக்குத் தெரிஞ்சுபோச்சு?"

ஜேனட் வாசலில் நின்றிருந்தாள். வாயைத் திறக்கப் போனவளைச் சொர்ணம்மாள் கையால் தடுத்தாள். தானே பேசினாள். நேசமணி சாரிடம் அவள் குரல் உயர்த்தியதை அந்தப் பள்ளிக்கூடம் அதற்குமுன் கேட்டதில்லை.

"அவனுக்குத் தெரியல்ல சாரே. ஜினுவுக்குத் தெரிஞ்சுது. பிள்ளைங்க ஏழு நாளு பொகையப் பாத்துட்டு எழுதியிருக்கு. நான் எனக்க வீட்டு முற்றத்தில நிண்ணு பாத்தேன். இத எடுத்துட்டு அனுப்பினா அது அந்தப் பிள்ளைங்க எழுதின லெட்டர் இல்ல, நீங்க எழுதின லெட்டர். அப்படின்னா கீழ நீங்களே ஒப்புப் போட்டு அனுப்புங்க. பிள்ளைங்களுக்க பேரு வேண்டாம்."

நேசமணி சார் தட்டச்சு இயந்திரத்தில் புதுத் தாளைச் செருகினார்.

வெளியே வந்ததும் ஜேனட் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "டீச்சர், நான் பேசியிருந்தா சார் கேட்டிருக்க மாட்டாரு."

"நீ பேச வேண்டியதப் பேசித்தானே என்னை இந்த நிலைக்குக் கொண்டுவந்திருக்க," என்றாள் சொர்ணம்மாள். கோபமாகச் சொல்ல நினைத்தது சிரிப்பாக வந்தது. பஸ்ஸுக்கு நடக்கும்போது அவள் கேட்டாள், "பிள்ளே, ஒண்ணு கேக்கட்டா? படத்தக் காட்டிட்டு நீ மிண்டாம இருக்கியே. அந்த நேரத்தில என்ன நினைப்ப?"

ஜேனட் வெட்கப்பட்டாள். "பேசிராதன்னு எனக்கு நானே சொல்லிட்டிருப்பேன் டீச்சர். நாக்கு துடிக்கும். படத்தில உள்ளதயெல்லாம் நானே சொல்லிக் குடுத்தா நல்லாயிருக்கும்னு தோணும். மனசில இருபது எண்ணுவேன். அதுக்குள்ள எவனாவது நான் பாக்காத ஒண்ணப் பாத்திருப்பான்."

இதற்கு எந்த டிரெயினிங்கில் மார்க்குப் போடுவார்கள் என்று சொர்ணம்மாள் யோசித்துக்கொண்டே போனாள்.

பதில் வருமென்று பெரியவர்கள் யாரும் நம்பவில்லை. மார்ச் இரண்டாவது வாரம், வருடப் பரீட்சைக்குப் பத்து நாள் இருக்கும்போது, ஒரு பெரிய உறை வந்தது. கொண்டுவந்த தபால்காரர், உள்ளே என்ன என்று பார்க்காமல் போகமாட்டேன் என்று வாசலிலேயே நின்றார். இரண்டு வகுப்பும் ஒன்றாக உட்கார்ந்தன. ஜேனட் ஒவ்வொரு வரியாக வாசித்துத் தமிழில் சொன்னாள்.

"காற்றைப் பற்றி நீங்கள் எழுதியது முழுக்கச் சரி. நான் படகை ஒரு நாளும் வீட்டை இன்னொரு நாளும் வரைந்தேன். இரண்டையும் வரைந்தது மூடிய அறையில். பரிசு கொடுத்தவர்களும் மூடிய அறையில் இருந்துதான் பார்த்திருப்பார்கள். அடுத்து அச்சிடும்போது மாற்றுகிறேன். மாற்றிய படத்தின் முதல் பிரதி உங்களுக்கு."

உறைக்குள் அந்தப் படம் இருந்தது. நீர்வண்ணத்தில், கையால் வரைந்தது. சிவப்புச் சேலை இப்போது வீட்டுப் பக்கம் பறந்தது. புகை தென்னந்தோப்புக்குள் போனது. ஜினு எழுந்து, படத்தைத் தொடாமல் அதன் எதிரில் நின்றாள். சொர்ணம்மாள் அவள் தலையில் கை வைத்தாள்.

ஜேனட் மேலே வாசித்தாள். "சூரியன் தப்பில்லை, பிபின். நான் வளர்ந்தது கிழக்குக் கரையில். என் கடலில் சூரியன் எழும்பும். உங்கள் கடலில் விழும் என்பது எனக்கு உங்கள் கடிதம் வந்த பிறகுதான் உறைத்தது."

பிபின் நம்பவில்லை. சொர்ணம்மாள் இந்தியா படத்தைச் சுவரில் விரித்து, இரண்டு கரைகளையும் காட்டினாள். "கன்னியாகுமரியில ரெண்டும் உண்டு, நான் போயிருக்கேன்," என்று யாரோ பின்னாலிருந்து சொல்ல, பிபின் ஒருவழியாக ஒத்துக்கொண்டான்.

"படகு சிறிதாக இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அதை மாற்ற மாட்டேன். ஏன் என்று நீங்களே கண்டுபிடித்து எனக்கு எழுதுங்கள்."

அவ்வளவுதான் கடிதம். ஜேனட் அந்தப் பக்கத்தை விரித்துப் பிடித்தாள், பேசாமல் இருந்தாள். சொர்ணம்மாளும் மனதில் எண்ணத் தொடங்கினாள். பதினான்கு வரை வந்தபோது சுனில்குமார் எழுந்து போனான். படகு தப்பு என்று சொன்னவனே அவன்தான். படத்தின் ஓரத்தில் முதுகைக் காட்டி நின்ற அந்தப் பெண்ணின் பக்கத்தில் தன் கன்னத்தை வைத்து, அவள் பார்க்கிற திசையில், தாளோடு தாளாகப் பார்த்தான்.

"இஞ்சேருந்து பாத்தா அவ்வளவுதான் டீச்சர்," என்றான். "இது கடலில நிண்ணு வரைஞ்ச படம் இல்ல. இவ நிக்கிற எடத்திலேருந்து வரைஞ்சது." கொஞ்சம் நிறுத்தி, "பாவம்," என்றான்.

அதைக் கேட்டபோது, ஒரு வருடமாக ஜேனட் இதற்காகத்தான் பெஞ்சுகளைத் தள்ளிக்கொண்டிருந்தாள் என்று சொர்ணம்மாளுக்குத் தோன்றியது. வாழைத்தோட்டத்துப் பையன், கடற்கரைப் பிள்ளையின் பக்கத்தில் போய் நின்று பார்த்துவிட்டு வந்திருக்கிறான். இந்த இரண்டு கூட்டத்தையும் ஒரே பெஞ்சில் உட்கார வைக்கச் சொர்ணம்மாள் எத்தனையோ வருடம் பிரம்போடு பாடுபட்டிருக்கிறாள்.

நேசமணி சாருக்கு இப்போது பெருமை தாங்கவில்லை. கடிதத்தையும் படத்தையும் கண்ணாடிச் சட்டம் போட்டு ஆபீஸ் அறையில் மாட்ட வேண்டும் என்றார். ஜேனட் தயங்கினாள். "சார், அங்க மாட்டினா பிள்ளைங்களுக்குக் கண்ணு எட்டாது." முடிவில் இரண்டையும் புத்தகத்தின் பின்னட்டையின் உட்புறம் ஒட்டினார்கள். புத்தகம் ஒவ்வொரு நாள் ஒவ்வொரு வீட்டுக்குப் போய் வந்தது. திரும்பி வரும்போது ஒரு வீட்டின் எண்ணெய்க் கறையும் இன்னொரு வீட்டின் மண்ணும் அதில் சேர்ந்தன. தங்க முத்திரையின் பாதி உதிர்ந்துபோனது. யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

பள்ளிக்கூடம் அடைக்கிற வாரம் சொர்ணம்மாள் கேட்டாள். "ஜேனட், சனி ஞாயிறுக்கு எனக்கும் ஒரு முறை தருவியா?"

சனிக்கிழமை காலை, அவள் கணவர் கைலாசநாதன் பிள்ளை வராந்தாவில் பேப்பர் படித்து முடித்து, கண்ணாடியைக்கூடக் கழற்றாமல் இருந்தார். வில்லேஜ் ஆபீஸிலிருந்து ஓய்வுபெற்றவர். பேப்பரும் பஞ்சாங்கமும் தவிர எதையும் விரித்துப் பார்க்காதவர். சொர்ணம்மாள் புத்தகத்தை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போனாள். காப்பி கொண்டு திரும்பி வந்தபோது அவர் அதை மடியில் விரித்து வைத்திருந்தார்.

"என்ன, சின்னப் பிள்ளைங்களுக்குள்ளதா?" என்றார். கேட்டாரே தவிர, மூடவில்லை. முதல் பக்கங்களை வேகமாகத் திருப்பினார். பிறகு மெதுவாக. பதினோராம் பக்கத்தில் அவர் ஒன்றையும் கவனிக்கவில்லை. காற்றைப் பற்றிச் சொல்ல அவளுக்கு நாக்கு துடித்தது. அடக்கிக்கொண்டாள். கடைசிக்கு முந்தின பக்கத்தில் அவர் கை நின்றது. இரண்டு தாளுக்கும் கடல். ஓரத்தில் அந்தப் பெண்ணின் முதுகு. காப்பி ஆறிக்கொண்டிருந்தது.

நெடுநேரம் கழித்து அவர் தலையைத் தூக்கினார். கண்ணாடிக்குப் பின்னால் கண்கள் பெரிதாக இருந்தன.

"இந்தப் படகு வருமா?" என்று கேட்டார்.

"பக்கத்தத் திருப்பிப் பாருங்க," என்றாள் சொர்ணம்மாள்.